ஜெர்மனியில் ஐடி வேலை கிடைச்சாச்சு... முதல் 6 மாதத்தில் என்ன செய்யணும்? எதில் அவசரப்படக் கூடாது? முழு விவரம்

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியாச்சு, சென்னை ஏர்போர்ட்டில் வழியனுப்பி வைக்க குடும்பமே ரெடி. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வாழ்த்தும் குவிஞ்சாச்சு. ஆனால், ஜெர்மனியில் போய் இறங்கும் சாஃப்ட்வேர் என்ஜினியருக்கு உண்மையான பரீட்சை அங்கே போன பிறகுதான் தொடங்குது.

வேலை நிரந்தரமாகிற வரை, பொதுவா முதல் 6 மாதம், எல்லாமே கொஞ்சம் ஆட்டத்தில்தான் இருக்கும். வேலை, வீடு, தங்கும் அனுமதி மூன்றும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டவை. எந்தக் காகிதத்தை முதலில் வாங்கணும், எந்தச் செலவைத் தள்ளிப் போடணும், ஆபீஸில் எப்படி நடந்துக்கணும்? ஒவ்வொன்றா பார்க்கலாம்.

கையில் எவ்வளவு பணத்தோடு போகணும்?

மாதத்தின் முதல் தேதியில் வேலையில் சேர்ந்தால், சம்பளம் பெரும்பாலும் அந்த மாதக் கடைசியில்தான் வரும். அதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஜெர்மனியில் வீட்டு வாடகைக்கு இரண்டு கணக்கு உண்டு. வெறும் வாடகை மட்டும் என்றால் 'கால்ட்மீட்டே'. ஹீட்டிங், தண்ணீர், குப்பை போன்ற செலவுகளையும் சேர்த்தால் 'வார்ம்மீட்டே'. மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் இரண்டிலும் வராது. விளம்பரத்தில் குறைவான வாடகையைப் பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டாம், அது எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்க.

அட்வான்ஸ் தொகை அதிகபட்சம் 3 மாத கால்ட்மீட்டே. இதை 3 மாதத் தவணையாகக் கட்டவும் சட்டம் இடம் தருது. 800 யூரோ கால்ட்மீட்டே என்றால் அட்வான்ஸ் 2,400 யூரோ. முதல் மாத வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்தால் 4,000 யூரோவைத் தொட்டுவிடும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று கணக்கு வைத்தாலே 4 லட்சம் ரூபாய். இடம் மாறும் செலவை நிறுவனம் தருமா, முதல் மாதம் தங்க ஏற்பாடு செய்யுமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுடணும்.

இன்னொரு விஷயம், பல வாடகை வீடுகளில் சமையலறை என்று ஒரு காலி அறை மட்டும்தான் இருக்கும். அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது. முன்பு குடியிருந்தவர் கழற்றிக் கொண்டு போயிருப்பார். அதனால் முதல் சில மாதங்களுக்கு, பொருட்களோடு வாடகைக்கு விடும் வீடுதான் வசதி.

வீடு தேடும்போது எங்கே ஏமாறுவாங்க?

"நான் இப்போ வெளிநாட்டில் இருக்கேன். பணம் அனுப்புங்க, சாவியைத் தபாலில் அனுப்புறேன்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடிச்சுக்குங்க. வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல் அட்வான்ஸ் அனுப்பக் கூடாது.

கடன் நம்பகத்தன்மையைக் காட்டும் 'ஷூஃபா' அறிக்கையை வீட்டு உரிமையாளர்கள் கேட்பாங்க. புதிதாகப் போனவர்களிடம் அது இருக்காது. அதுக்குப் பதிலா வேலை ஒப்பந்தமும், நிறுவனம் தரும் சம்பளக் கடிதமும் கொடுக்கலாம். புரோக்கர் கட்டணம் பற்றியும் தெரிஞ்சு வச்சுக்கணும். 2015 முதல் உள்ள சட்டப்படி, வாடகை வீட்டு விஷயத்தில் புரோக்கரை யார் அமர்த்தினாரோ அவர்தான் பணம் கொடுக்கணும்.

எல்லாவற்றுக்கும் மேல ஒரு கேள்வி கட்டாயம்: "இந்த முகவரியில் என் பெயரைப் பதிவு செய்ய உறுதிக் கடிதம் தருவீங்களா?" தர மாட்டேன் என்றால் அந்த வீடு உங்களுக்கு உதவாது. ஏன்?

முதல் 14 நாள்: முகவரிப் பதிவுதான் முதல் சாவி

வீட்டில் குடியேறிய 2 வாரத்துக்குள் உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யணும். இதுக்குப் பெயர் 'அன்மெல்டுங்'. பாஸ்போர்ட், படிவம், வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் மூன்றும் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம் என்பதால், முகவரி உறுதியானதும் ஆன்லைனில் தேதி போட்டு வைக்கிறது நல்லது.

இந்த ஒரு பதிவு முடிந்தால்தான் மற்ற கதவுகள் திறக்கும். 11 இலக்க வரி எண் பொதுவா 2 முதல் 4 வாரத்தில் தபாலில் வரும். வங்கிக் கணக்கு, தங்கும் அனுமதி அட்டை எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று கேட்பாங்க. வரி எண் வர ரொம்ப தாமதமானால், சம்பளத்தில் கூடுதல் வரி பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படிப் பிடிச்ச பணம் பின்னால் சரிசெய்யப்படும் என்றாலும், அட்வான்ஸ் கட்ட வேண்டிய மாதத்தில் அது பெரிய இடி.

தபால் பெட்டியில் பெயர் ஏன் முக்கியம்?

ஜெர்மனியின் பல அடுக்குமாடிகளில் நம்ம ஊர் மாதிரி பிளாட் நம்பர் கிடையாது. காலிங் பெல்லிலும் தபால் பெட்டியிலும் இருக்கும் பெயரை வைத்துத்தான் தபால் போடுவாங்க. பெயர் ஒட்டவில்லை என்றால் வரி எண், வங்கி அட்டை, இன்சூரன்ஸ் கடிதம் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிடும். வீட்டில் நுழைந்த முதல் நாளே பெயர்ச் சீட்டு ஒட்டுங்க.

இங்கே தமிழர்களுக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கு. நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், இல்லை அப்பா பெயர் இருக்கும். ஜெர்மன் படிவங்களோ குடும்பப் பெயரைத்தான் முதலில் கேட்கும். கார்த்திக்கின் அப்பா முருகேசன் என்றால், அரசு அலுவலகத்தில் கார்த்திக்கை 'ஹெர் முருகேசன்' என்றுதான் கூப்பிடுவாங்க. அதில் தப்பில்லை. ஆனால் வேலை ஒப்பந்தம், முகவரிப் பதிவு, வங்கி, இன்சூரன்ஸ், தபால் பெட்டி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்து, அதே வரிசையில் இருக்கணும். சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்கள், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் அதைச் சரிசெய்துகொண்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

ப்ளூ கார்டு: விசாவோடு வேலை முடியாது

பெரும்பாலான என்ஜினியர்கள் ஐரோப்பிய ஒன்றிய ப்ளூ கார்டு வழியில்தான் போறாங்க. இதுக்கு 2026-ல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ. ஐடி உள்ளிட்ட ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கு 45,934.20 யூரோ. ஐடி துறையில் பட்டம் இல்லாதவர்களும், கடந்த 7 ஆண்டில் குறைந்தது 3 ஆண்டு தகுதியான அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

சென்னையில் வாங்கிய விசா குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்தான். அது காலாவதி ஆகும் முன் உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிக்கணும். அட்டை வரத் தாமதமானால் இடைக்காலச் சான்று ஒன்று தருவாங்க. அதை வைத்து வெளிநாடு போய்த் திரும்ப முடியுமா என்பது, அந்தச் சான்றில் எந்தப் பிரிவைக் குறித்துத் தந்திருக்காங்க என்பதைப் பொறுத்தது. தீபாவளிக்கு டிக்கெட் போடும் முன் இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

கணவன் அல்லது மனைவியை அழைத்துப் போக விரும்புவோருக்கு நல்ல செய்தி. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணை, ஜெர்மன் மொழித் தேர்வு எழுதாமலே வரலாம், வந்த பிறகு வேலைக்கும் போகலாம்.

முதல் சம்பளச் சீட்டு ஏன் அதிர்ச்சி தருது?

மாதம் 4,000 யூரோ என்று ஒப்பந்தத்தில் இருந்தால், குழந்தை இல்லாத தனிநபருக்குக் கையில் வருவது சுமார் 2,600 யூரோதான். மீதி எங்கே போகுது?

வருமான வரி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3 சதவீதம், அதோடு மருத்துவக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு. இதே மாதிரி ஒரு பங்கை நிறுவனமும் உங்களுக்காகக் கட்டும்.

அந்தப் பணம் வீணில்லை. அரசு முறையிலான மருத்துவக் காப்பீட்டில், வருமானம் இல்லாத துணையும் குழந்தைகளும் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேரலாம். 2026-ல் ஆண்டுச் சம்பளம் 77,400 யூரோவைத் தாண்டாதவர்களுக்கு இந்த அரசு முறைதான் கட்டாயம். அதைவிட அதிகம் வாங்குபவர்கள் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். ஆனால் தொடக்கத்தில் மலிவா இருக்கு என்று போய்விட்டால் திரும்பி வருவது சுலபமில்லை. நிதானமா முடிவெடுக்கணும்.

ஓய்வூதிய விஷயத்தில், இந்தியா, ஜெர்மனி இடையே 2017 மே முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கு. இரண்டு நாட்டிலும் பணம் கட்டிய காலத்தைச் சேர்த்துப் பார்க்க அது வழி செய்யுது. அதனால் பழைய பிஎஃப் ஆவணங்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

சம்பளத்தில் பிடிக்காத செலவுகளும் உண்டு. டிவி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம். நாடு முழுக்க பஸ், உள்ளூர் ரயிலில் போக உதவும் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' 2026-ல் மாதம் 63 யூரோ. டிக்கெட் இல்லாமல் மாட்டினால் ஒரு தடவைக்கே 60 யூரோ அபராதம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். "மாசம் ஒரு லட்சம் அனுப்புறேன்", "வீட்டு லோன் இஎம்ஐ நான் கட்டுறேன்" என்று ஆஃபர் லெட்டரைப் பார்த்து வீட்டில் வாக்குக் கொடுக்காதீங்க. மூன்று மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வரட்டும். அதுக்கப்புறம் சொல்லும் தொகைதான் நிற்கும்.

ஆபீஸில் என்ன வித்தியாசம்?

முதல் வித்தியாசம், 'சார்' கிடையாது. பல டெக் நிறுவனங்களில் மேனேஜரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. பழைய பாணி நிறுவனங்களில் 'ஹெர்', 'ஃபிராவ்' என்று குடும்பப் பெயரோடு அழைப்பதும் உண்டு. மற்றவர்கள் எப்படிப் பேசறாங்க என்று ஒரு வாரம் கவனிச்சாலே புரிஞ்சிடும்.

இரண்டாவது, 'சரி' என்ற சொல்லின் எடை. நம்ம ஊரில் தலையை ஆட்டினால் "கேட்டுக்கிட்டேன்" என்றும் அர்த்தம் உண்டு. அங்கே "வெள்ளிக்கிழமை முடிச்சிடுவேன்" என்று அர்த்தம் எடுத்துக்குவாங்க. முடியாது என்றால் அப்பவே சொல்லலாம், யாரும் அதைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் வரை மௌனமா இருந்துட்டு, வெள்ளிக்கிழமை "முடியல" என்று சொல்வதுதான் பெயரைக் கெடுக்கும்.

மூன்றாவது, விமர்சனம் நேரடியா வரும். "இந்தக் கோடு சரியில்லை, இந்தக் காரணத்துக்காக மாற்றணும்" என்று எல்லோர் முன்னாடியும் சொல்லலாம். அது கோடைப் பற்றிய பேச்சு. அடுத்த பத்து நிமிஷத்தில் அதே ஆள் காபி குடிக்கக் கூப்பிடுவார்.

புதுசா சேர்ந்தவங்க கேள்வி கேட்கிறதை யாரும் குறையாப் பார்க்கிறதில்லை. இரண்டு நாள் தனியா முட்டி மோதுவதைவிட, அரை மணி நேரம் முயற்சி செஞ்சுட்டு, "இதுவரைக்கும் இதெல்லாம் பார்த்தேன், இந்த இடத்தில் நிக்குது" என்று கேட்பது நல்லது. கிடைத்த பதிலைக் குழுவின் பொது ஆவணத்தில் எழுதி வைத்தால், அடுத்து வருபவருக்கும் உதவும், உங்க வேலையும் கண்ணில் படும்.

நேர விஷயத்தில் சட்டமே துணைக்கு இருக்கு. ஒரு நாள் வேலை 8 மணி நேரம், தேவைப்பட்டால் 10 வரை போகலாம். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்க 11 மணி நேர இடைவெளி வேணும். வாரம் 5 நாள் வேலைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு லீவு. பல நிறுவனங்கள் 25 முதல் 30 நாள் வரை தருது.

உடம்பு சரியில்லை என்றால்?

காலையிலேயே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லணும். 3 நாளைத் தாண்டினால் டாக்டர் சான்று வேணும். முதல் நாளே கேட்கும் நிறுவனங்களும் இருக்கு, ஒப்பந்தத்தைப் பாருங்க. வேலையில் சேர்ந்து 4 வாரம் ஆன பிறகு, நோய்க்காக 6 வாரம் வரை முழுச் சம்பளம் கிடைக்கும்.

ஆரோக்கியமா இருக்கும்போதே வீட்டுப் பக்கத்தில் ஒரு குடும்ப டாக்டரிடம் பதிவு செய்து வையுங்க. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ், தீயணைப்பு 112, போலீஸ் 110, இரவிலோ விடுமுறை நாளிலோ டாக்டர் தேவை என்றால் 116117.

சோதனைக் காலத்தில் வேலை போனால் என்ன ஆகும்?

இதை யாரும் வாய்விட்டுப் பேசுறதில்லை. ஆனால் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது இதுதான்.

பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதல் 6 மாதம் 'புரோபெட்சைட்', அதாவது சோதனைக் காலம். அப்போது இரண்டு தரப்பும் 2 வார நோட்டீஸில் பிரியலாம். 10 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில், 6 மாதம் தாண்டிய பிறகுதான் காரணமில்லாமல் நீக்க முடியாத சட்டப் பாதுகாப்பு முழுசா வரும்.

வேலை போனால் அன்றைக்கே நாட்டை விட்டு வெளியேறணுமா? இல்லை. ஆனால் உடனே மூன்று காரியம் செய்யணும். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்கணும். புதிய வேலை தேட எவ்வளவு அவகாசம் என்பதை அந்த அலுவலகம்தான் முடிவு செய்யும். தகவல் தெரிந்த 3 நாளுக்குள் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதியணும். மருத்துவக் காப்பீடு எப்படித் தொடரும் என்பதையும் அன்றைக்கே கேட்கணும்.

வேலையின்மை உதவித்தொகையாக, பழைய நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் தருவாங்க. ஆனால் அதுக்குக் கடந்த 30 மாதத்தில் குறைந்தது 12 மாதம் காப்பீடு கட்டியிருக்கணும். நாலாவது மாதத்தில் வேலை போனவருக்கு அது கிடைக்காது. அதனால்தான் முதல் சம்பளத்தில் இருந்தே 3 மாதச் செலவை ஒதுக்கி வைக்கணும் என்று சொல்றது. கார், 2 வருட ஜிம், செல்போன் ஒப்பந்தம், ஊரில் புதுக் கடன் எல்லாம் 6 மாதம் கழித்து வச்சுக்கலாம்.

நீங்களே வேலை மாற நினைத்தாலும், ப்ளூ கார்டு வாங்கிய முதல் 12 மாதத்துக்குள் என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும். நிபந்தனைகள் பொருந்தவில்லை என்றால் அவர்கள் தடுக்கலாம்.

ஊரில் முடிக்க வேண்டியது என்ன?

வெளிநாடுவாழ் இந்தியர் ஆன பிறகு, பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றணும் என்பது அந்நியச் செலாவணி விதி. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கு தனி. வங்கி ஓடிபி வரும் இந்திய சிம்மைத் தொடர்ந்து ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்க. அது கட் ஆனால், ஜெர்மனியில் இருந்துகொண்டு திரும்ப வாங்குவது பெரிய தலைவலி.

"ஊருக்கு வந்து ஒரு மாதம் இங்கிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கலாமே?" என்று வீட்டில் கேட்பாங்க. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் செய்யாதீங்க. வரி, காப்பீடு, தகவல் பாதுகாப்பு எல்லாவற்றிலும் சிக்கல் வரும்.

மொழி, குளிர், தனிமை

ஆபீஸ் ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் அரசுக் கடிதம், வாடகை ஒப்பந்தம், டாக்டர் ரிசப்ஷன் எல்லாம் ஜெர்மன்தான். புரியாத கடிதத்தை ஓரமா வைக்காதீங்க, பதில் தரக் கடைசித் தேதி அதில்தான் இருக்கும். மொழிக்குப் பலனும் உண்டு. ப்ளூ கார்டு உள்ளவருக்கு ஏ1 நிலை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்தில், பி1 தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கு.

அன்றாடத்தில் சில விஷயம்: ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அரிசி, பால் எல்லாம் சனிக்கிழமையே வாங்கணும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது, மிக்ஸி ஓட்டினாலும் பக்கத்து வீட்டில் கதவைத் தட்டலாம். வாசல் கதவு சாத்தினாலே பூட்டிக்கும், சாவி இல்லாமல் குப்பை போடக்கூடப் போகாதீங்க. புதுப் படத்தை டோரன்ட்டில் இறக்கினால், வக்கீல் நோட்டீஸ் வந்து நூற்றுக்கணக்கான யூரோ கேட்பாங்க.

டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிடும். அப்போது இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ஆபீஸ் முடிந்து 6 மணிக்கு போன் எடுத்தால் ஊரில் இரவு 10.30, அம்மா தூங்கப் போயிருப்பாங்க. அதனால் வார நாளில் மதிய இடைவேளை, ஞாயிறு காலை என்று பேசும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்துடுங்க. வீட்டில் உள்ளவர்களும், "இன்னும் எப்போ அனுப்புவே" என்று கேட்கும் முன்னாடி "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்டால், அங்கே இருப்பவருக்குப் பெரிய பலம்.

தமிழ்ச் சத்தமும் அங்கே இல்லாமல் இல்லை. 1980-களில் இருந்து போரால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்களின் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். ஹம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் 2002-ல் குடமுழுக்கு கண்டது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து தமிழர்கள் கூடுறாங்க.

ஒரே பார்வையில்

புறப்படும் முன்: பாஸ்போர்ட் பெயர் சரிபார்ப்பு, கையில் சுமார் 4,000 யூரோ, முகவரிப் பதிவுக்கு ஒத்துக்கொள்ளும் வீடு.

முதல் 14 நாள்: தபால் பெட்டியில் பெயர், முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு.

முதல் 3 மாதம்: விசா முடியும் முன் ப்ளூ கார்டு விண்ணப்பம், குடும்ப டாக்டர், ஜெர்மன் வகுப்பு, சேமிப்பு தொடக்கம்.

6 மாதம் வரை: பெரிய கடன், நீண்ட ஒப்பந்தம் வேண்டாம். மேனேஜரிடம் மாதம் ஒரு முறை "என் வேலை எப்படிப் போகுது, எதை மாத்திக்கணும்" என்று நேராகக் கேளுங்க. இந்திய லைசென்ஸும் குடியேறி 6 மாதம் வரைதான் செல்லும், அதன் பிறகு கார் ஓட்ட அங்கே தேர்வு எழுதணும்.

சம்பள வரம்பும் கட்டணங்களும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. மேலே உள்ள தொகைகள் 2026-க்கானவை. விண்ணப்பிக்கும் நாளில் ஜெர்மன் அரசின் அதிகாரப்பூர்வ தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்குங்க.